பை கட்டிய கிடாய்கள்

என் அத்தையிடம் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் கெஞ்சவே கூடாது. "இது உனக்கு ஒத்து வராது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டால் போதும். மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.

பை தைக்கும் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கெட்டித் தோல் தைக்கிற பெரிய மெஷினைக் காட்டி, "இது ஆம்பளைங்க ஓட்டுறது" என்றாராம் சூப்பர்வைசர். அடுத்த மாதம் அந்த மெஷினில் அத்தை உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் வேறு ஊருக்கு மாறிப் போகிற வரைக்கும் அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினாள். அவர் போனதும், "இனிமே யாருக்குக் காட்ட ஓட்டுறது, போரடிக்குது" என்று வேலையை விட்டுவிட்டாள். அதே மாதிரி ஒரு பழைய மெஷினை வாங்கி, பஸ் டெப்போவுக்குப் பின்பக்கத் தெருவில், வீட்டு முன்னறையிலேயே கடை போட்டாள். ஜிப் போன பை, காது அறுந்த பை, சக்கரம் கழன்ற சூட்கேஸ், எல்லாம் அவளிடம்தான் வரும். வேலை செய்யும்போது வாயின் ஓர் ஓரத்தில் ஊசி இருக்கும். பேச்சு மறு ஓரத்தில் வரும். அப்படிப் பேசும் வரை பயமில்லை. ஊசியை எடுத்துக் குத்தி வைத்துவிட்டு வாயைத் திறந்தால், எதிரே நிற்பவர் கிளம்பிவிடுவது உத்தமம்.

ஆடு வந்த கதையும் இதே கதைதான். "தையல்காரிக்கு ஆடு எதுக்கு, நூலைத் தின்னு தீர்த்துடும்" என்றார் எதிர்வீட்டு லாரிக்காரர். மறுநாளே ஒரு குட்டியைப் பிடித்து வந்து கட்டினாள். அந்த வாரமே அது ஒரு கண்டு நூலைத் தின்றது. லாரிக்காரர் வாசலில் நின்று சிரித்தார். அத்தை நூல்கண்டுகளையெல்லாம் பரணில் ஏற்றினாள், ஆட்டை விற்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில்தான் பை வேலை குவியும். மற்ற மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது ஆடுகளால்தான். கொட்டகை நிறைய ஆடுகள் ஆன பிறகும், அவளுக்குச் செல்லமென்று இரண்டு கிடாய்கள் இருந்தன. வேலி ஓரத்தில் நின்று எல்லாரையும் மேற்பார்வை பார்க்கிறதுக்குப் பெயர் மேஸ்திரி. சுவரில் ஒட்டினதையெல்லாம் கிழித்துத் தின்கிறது நோட்டீஸ்.

மாமா டெப்போவில் நேரக்காப்பாளர். மைக்கில், "வண்டியை எடுங்க, வண்டியை எடுங்க" என்று தெருவையே அதட்டுகிற அந்தக் குரல், வீட்டுக்கு வந்ததும் செருப்போடு வாசலில் கழன்றுவிடும். உள்ளே வருகிறவர் வேறு ஆள். "ஏம்மா, நோட்டீஸ் சரியா சாப்பிட்டுச்சா?" என்பார், யாருக்கோ காய்ச்சல் வந்த மாதிரி.

டெப்போவைத் தாண்டி வாய்க்கால் வரைக்கும் ஒரு புல்வெளி. நகரசபை நிலம். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களும் ஆடு மேய்ப்பது அங்கேதான். அதன் மேல் எங்கள் ஊர்ப் பால்பண்ணைக்காரரின் கண் விழுந்தது. ஆடுகளை நிறுத்திவிட்டு, வேலி போட்டு, தன் மாடுகளுக்கு விட வேண்டும் என்று நகரசபையில் மனுக் கொடுத்தார். கூட்டத்தில் அவர் பேசியது இப்போதும் என் காதில் இருக்கிறது. நெய்யில் முக்கி எடுத்த குரல்.

"நான் ஆட்டுக்காரங்களுக்கு எதிரி இல்லைங்க. புல்லுக்காகத்தான் பேசறேன். ஆடு வேரோட பிடுங்கும். நிலத்தையே மொட்டையடிச்சிடும். இன்னும் ரெண்டு வருஷம் போனா அங்க புல்லு இருக்காது, வெறும் ஆடுதான் நிக்கும்."

தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். அவர் எதற்கும் அவசரப்படாதவர். "ஆடு எவ்வளவு திங்குதுன்னு யாருக்காவது தெரியுமா?" என்றார்.

ஆட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் எழுந்தாள்.

"அளந்து பாருங்க."

"அதெல்லாம் அளக்க முடியாதும்மா" என்றார் பால்பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே. "தட்டுல போட்டா அளக்கலாம். வெளியில மேயறதை எப்படி அளப்பே?"

முடியாது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரா, அவ்வளவுதான்.

"அளக்கலாம். அளக்கிறவங்களைக் கூப்பிடுங்க. வளர்ற புல்லை விட ஆடு அதிகமா தின்னா நாங்களே ஓட்டிட்டுப் போயிடறோம். இல்லேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

"சரி, அப்படியே ஆகட்டும்" என்றார் தலைவர்.

வெளியே வந்ததும் மற்ற ஆட்டுக்காரர்கள் அத்தையைச் சூழ்ந்துகொண்டார்கள். "உன்னை யாரும்மா வாயைத் திறக்கச் சொன்னது? ஆடு திங்காதா என்ன? அளந்து, அதிகமா வந்தா எங்க போறது?"  அத்தைக்கும் ஆடு எவ்வளவு தின்னும் என்று தெரியாது. தெரியாமலேயே தெரு மொத்தத்தின் மேய்ச்சலையும் பந்தயம் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

கால்நடை ஆபீசிலிருந்து அளக்க ஓர் இளைஞர் வந்தார். தெருவில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர் விழுந்தது. எதைச் சொன்னாலும் 'அதாவது' என்று தொடங்கி, மூச்சு வாங்கி, பிறகுதான் சொல்லுவார். புல்வெளியில் அங்கங்கே கம்பிக் கூண்டுகளைக் கவிழ்த்து வைத்தார். கூண்டுக்குள் ஆடு வாய் வைக்க முடியாது. அங்கே வளர்கிற புல்லை வெட்டி நிறுத்தால், நிலம் எவ்வளவு தருகிறது என்று தெரிந்துவிடும். சரி, ஆடு தின்பது?

"அதாவதுங்க, தின்னதை நேரா அளக்க முடியாது. ஆனா பின்னாடி வர்றதை அளக்கலாம். கிடாய்க்கு ஒரு பை கட்டி விட்டுடுவோம். புழுக்கை எல்லாம் அதுல விழும். காய வச்சு நிறுப்போம். இந்தப் புல்லுல எத்தனை பங்கு உடம்புல ஒட்டும், எத்தனை பங்கு வெளிய வரும்னு எங்ககிட்ட கணக்கு இருக்கு. வெளிய வந்ததை வச்சு உள்ள போனதைச் சொல்லிடலாம்."

"ஏன் கிடாய்க்கு மட்டும்?" என்றாள் அத்தை.

அளவுக்காரருக்குக் காது சிவந்தது. "அதாவது... பெட்டைக்குக் கட்டினா பை நனைஞ்சிடும்."

"அதைச் சொல்ல எதுக்குத் தம்பி தரையைப் பார்க்கறீங்க?"

மேஸ்திரியும் நோட்டீசும், தெருவில் இன்னும் சிலருடைய கிடாய்களும் தேர்வாயின. ஆபீசிலிருந்து கொண்டுவந்த பைகள் பழசு. வார் தளர்ந்து போயிருந்தன. அத்தை புதுசு தைத்தாள். முதலில் தைத்ததை இழுத்துப் பிடித்து இறுக்கமாகத் தைத்துவிட்டாள். அதைக் கட்டியதும் மேஸ்திரி நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. பிரித்து, வாரின் அடியில் பழைய கம்பளியை வைத்து மறுபடி தைத்தாள். அது சரியாக வந்தது. பையை முதுகுப்பட்டையோடு மாட்டிக்கொண்டு கிடாய்கள் வரிசையாகப் போனபோது, லாரிக்காரர், "எல்லாரும் எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார். "உங்களைச் சேர்த்துக்க மாட்டேன்னு சொன்ன பள்ளிக்கூடம்தான்" என்றாள் அத்தை, ஊசி ஓரத்திலிருந்து.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அளக்கிற நாட்களில் ஆடுகளுக்கு வீட்டில் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. மேய்ச்சல் மட்டும்தான். "நான் பார்த்துக்கறேன் தம்பி" என்று அத்தை வாக்குக் கொடுத்தாள். காலையும் மாலையும் அளவுக்காரர் வந்து, பையை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டு, மாற்றுப் பை கட்டிவிட்டுப் போவார். மாமா பக்கத்திலேயே நின்று, பொறுமையாக நோட்டீசின் கழுத்தைச் சொறிந்து கொடுப்பார். என்ன பாசம், என்ன பாசம் என்று நாங்களெல்லாம் நினைத்தோம்.

முடிவு சொல்லும் நாளில் நகரசபைக் கூடத்தில் உட்கார இடமில்லை. அளவுக்காரர் எழுந்தார். 'அதாவது' என்பதற்கே அன்று அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

"அதாவது... ஆடுங்க திங்கிறது, புல் வளர்றதை விட அதிகமா இருக்கு. கொஞ்சம் இல்லை. ரொம்ப அதிகம்."

"எவ்வளவு ரொம்ப?" என்றார் தலைவர்.

அளவுக்காரர் சொன்னார். கூடத்தின் பின்வரிசையில் யாரோ, "அது ஆடா, யானையா?" என்றார்கள். சிரிப்பு எழுந்து அடங்க நேரமானது. பால்பண்ணைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நான் புல்லுக்காகத்தான் சொன்னேன்" என்றார். அடுத்த கூட்டத்தில் வேலி போடத் தீர்மானம் என்று தலைவர் அறிவித்தார். ஆட்டுக்காரர்கள் அத்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்து அத்தை வாயில் ஊசியோடு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். வேலை செய்யவில்லை. மாமா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். அப்புறம், தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "கம்மியாதானே வந்திருக்கணும்" என்றார்.

அத்தை திரும்பினாள். "ஏன் கம்மியா வரணும்?"

"இல்ல... சும்மா."

அத்தை ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்தாள். அவளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக 'என்ன' என்பவள், "சொல்லுங்க. தயவு பண்ணி உட்கார்ந்து சொல்லுங்க" என்றாள்.

மாமா உட்கார்ந்தார். விஷயம் துண்டு துண்டாக வந்தது. ஆடு கம்மியாகத் தின்றால்தானே நிலம் தங்கும்? வயிறு நிறைந்த ஆடு புல்வெளியில் என்ன பெரிதாகத் தின்றுவிடும்? அதனால் தினமும் விடிவதற்கு முன்னால் கொட்டகைக்குப் போய், தவிடும் வைக்கோலும் வயிறு முட்ட வைத்திருக்கிறார். நம் கிடாய்களுக்கு மட்டும் வைத்தால் நன்றாக இருக்காது என்று, மற்றவர்களின் கிடாய்களுக்கும் கொட்டகை கொட்டகையாகப் போய் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அத்தை மெஷினை விட்டு எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, பை எங்க கட்டியிருந்துச்சு? வாயிலயா?"

"...பின்னாடி."

"பின்னாடி விழறது புல்லா, நீங்க போட்ட வைக்கோலான்னு அந்தப் பை எப்படிங்க கண்டுபிடிக்கும்?"

மாமாவின் வாய் மெதுவாகத் திறந்தது. அவர் பங்குக்கு அவர் கணக்குப் போட்டிருந்தார். ஆட்டின் முன்பக்கத்தை மட்டும் வைத்துப் போட்டிருந்தார்.

"புல்லை விட்டுடும்னு நினைச்சேன்மா."

"வயிறு நிறைஞ்சா நிறுத்தறதுக்கு அது என்ன கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீடா? அது ஆடுங்க. வைக்கோலையும் தின்னுச்சு, போய்ப் புல்லையும் தின்னுச்சு. நம்ம எல்லார் பொழப்பையும் சேர்த்துத் தின்னுச்சு."

மாமா குரலை இன்னும் இறக்கினார். "வெளிய சொல்ல வேண்டாம்மா. ஏமாத்திட்டோம்னு ஆயிடும். தராசு சரியில்லைன்னு சொல்லிடுவோமா? திரும்ப அளக்கச் சொல்லலாம்."

"தராசு யாரோடது? அந்தத் தம்பியோடது. தம்பிக்கு வேலை போனா நீங்க டெப்போவுல சேர்த்து விடுவீங்களா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தைக்கும் பயம்தான். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. நூலை ஊசியில் கோர்க்க மூன்று தடவை முயன்று, விட்டுவிட்டாள். அவள் கொடுத்த வாக்கு உடைந்திருந்தது. சொன்னால் ஏமாற்றுக்காரி. சொல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் வேலி.

மறுநாள் காலையில் நகரசபைக்குப் போனாள். மாமாவையும் இழுத்துக்கொண்டு போனாள், பின்னாலேயே நானும் போனேன். தலைவர் அறையில் பால்பண்ணைக்காரரும் உட்கார்ந்திருந்தார். வேலிக்கு எங்கே வாசல் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அளவுக்காரரையும் வரச் சொல்லுங்கள் என்று அத்தை நின்றுகொண்டாள். அவர் வந்ததும் சொன்னாள்.

"அளந்தது தப்பில்லைங்க. தம்பி மேல குத்தமில்லை. எங்க வீட்டுக்காரர் ஆட்டுக்கெல்லாம் தவிடும் வைக்கோலும் போட்டிருக்கார். அதான் எடை ஏறிடுச்சு. மேய்ச்சல் மட்டும்தான்னு வாக்குக் குடுத்தது நான். காப்பாத்தலை. திரும்ப அளக்கணும்."

பால்பண்ணைக்காரரின் குரலில் நெய் உருகி ஓடியது. "பார்த்தீங்களா தலைவரே. ஏமாத்திட்டு, மாட்டிக்காம இருக்கும்போதே வந்து பெருமையா சொல்லுது. ஏமாத்துனவங்களுக்கு இன்னொரு தடவையா?"

"ஐயா, ஏமாத்துறவங்க தனக்கு நல்லதா ஏமாத்துவாங்க" என்றாள் அத்தை. "எங்க ஆட்டை நாங்களே பெருந்தீனின்னு காட்டி, எங்க நிலத்தை நாங்களே உங்க கையில தூக்கிக் குடுத்திருக்கோம். இப்படி ஏமாத்துற ஆளை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று மாமாவை முன்னால் தள்ளினாள். மாமா அந்தக் கணத்தில் தானே நிரூபணமாக நின்றார்.

தலைவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். "தம்பி, இன்னொரு தடவை அளக்கலாமா?"

"அதாவது, அளந்துதான் ஆகணும். நான் குடுத்த கணக்கு புல்லுக்கு. வைக்கோலுக்கு இல்லை." அளவுக்காரர் இந்த ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொன்னார்.

இரண்டாவது தடவை இரவில் கிடாய்களைப் புல்வெளியிலேயே பட்டி போட்டு அடைத்தார்கள். பூட்டின் சாவி அளவுக்காரரிடம். மாமா வாய்க்கால் கரைப் பக்கமே வரக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. அவர் டெப்போ சுவருக்கு மேல் தலையை நீட்டி, தூரத்திலிருந்தே மேஸ்திரியைப் பார்த்துவிட்டுப் போவார். "உன் வீட்டுக்காரருக்கும் ஒரு பை தைச்சுக் கட்டி விடு, என்னென்ன திங்கிறார்னு தெரிஞ்சிடும்" என்றார் லாரிக்காரர். மற்ற ஆட்டுக்காரர்கள் இன்னும் அத்தையோடு பேசவில்லை. ஆனால் கொட்டகைக் கதவுகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

மறுபடியும் அதே கூடம்.

"அதாவது, இந்தத் தடவை முன்ன மாதிரி இல்லை. புல் வளர்றதும் ஆடு திங்கிறதும் கிட்டத்தட்ட சமமா இருக்கு."

கூடம் குழம்பியது. இது ஜெயமா, தோல்வியா என்று யாருக்கும் தெரியவில்லை. பால்பண்ணைக்காரர்தான் முதலில் பிடித்துக்கொண்டார்.

"ஆக, வளர்றது அத்தனையும் திங்குது. ஒண்ணும் மிச்சம் வைக்கலை. நான் சொன்னது சரிதானே?"

ஆட்டுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அத்தை எழுந்தாள். அன்று அவள் வாயில் ஊசி இல்லை.

"ஆமாங்க, திங்குது. ஆடு திங்காதுன்னு நான் எப்ப சொன்னேன்? வளர்றதை விட அதிகமா திங்காதுன்னு சொன்னேன். திங்கலை. வளர்ற அளவுக்குத் தின்னுட்டு, வேரை நிலத்துல விட்டுட்டு வந்திருக்கு. இதுக்கு மேல ஒரு ஆடு எப்படிங்க நடந்துக்கணும்? மன்னிப்புக் கேட்டுக்கிட்டே மேயணுமா?"

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அத்தை நிறுத்தவில்லை.

"இவர் மாடு மட்டும் என்ன, புல்லை மோந்து பார்த்துட்டு, நல்லா இருக்கியான்னு கேட்டுட்டுப் போயிடுமா? ரெண்டு தடவை எங்க ஆட்டுக்குப் பை கட்டினீங்க. தெருவே சிரிச்சுச்சு. பொறுத்துக்கிட்டோம். தப்பு பண்ணோம், அதையும் நாங்களே வந்து சொன்னோம். இப்ப அவர் மாட்டுக்குக் கட்டுங்க. பையை நான் தைச்சுத் தரேன்."

"மாட்டுக்குப் பையா?" என்றார் பால்பண்ணைக்காரர். முதல் தடவையாக அவர் குரலில் நெய் இல்லை. "என்கிட்ட இருக்கிறது எல்லாம் பசு. பசுவுக்குக் கட்ட முடியாது. நனைஞ்சிடும். தம்பியே சொல்லியிருக்கார்."

"காளை இருக்கே" என்றாள் அத்தை.

இருந்தது. கண்காட்சியில் கோப்பை வாங்கின காளை. காலையில் அதைக் குளிப்பாட்டி, தோலுக்கு எண்ணெய் தடவி, சாலையில் அழைத்துப் போகும்போது பால்பண்ணைக்காரர் கூடவே நடப்பார், தானும் கோப்பை வாங்கின மாதிரி. கூடத்தில் இருந்த அத்தனை பேரும், அந்தக் காளை பின்னால் ஒரு பையோடு சாலையில் நடப்பதை ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்தார்கள். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

தலைவர் அளவுக்காரரைப் பார்த்தார். "அதாவது, கட்டலாங்க. காளைக்குக் கட்டலாம்."

"அப்போ அதையும் அளந்துடுவோம்" என்றார் தலைவர். "எதையும் ஒரு பக்கமா மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. மாடு திங்கிறது தெரியற வரைக்கும் நிலம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

வெளியே வந்தபோது, பேசாமல் இருந்த ஆட்டுக்காரர்கள் பக்கத்தில் வந்தார்கள். "நல்லா கேட்டேம்மா" என்றார் ஒருவர். "அன்னைக்கு என்னை எப்படிக் கேட்டீங்க, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க" என்றாள் அத்தை. ஆனாலும் அவர்களோடு சேர்ந்துதான் நடந்தாள்.

அந்த வாரமே லாரிக்காரரிடமிருந்து பழைய தார்ப்பாய் வாங்கி, பெரிய மெஷினில் போட்டு, ஒரு பை தைத்தாள். அதற்குள் நான் உட்கார்ந்து பார்த்தேன்; கழுத்து வரைக்கும் மறைந்தது. அளவுக்காரர் பண்ணைக்குப் போனார். காளைக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். அடுத்த முறை போனார். கண்காட்சிக்குத் தயார் பண்ணுகிறோம் என்றார்கள். அடுத்த முறை பண்ணை கேட்டையே திறக்கவில்லை.

ஒரு நாள் அத்தையே போனாள். ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு, தார்ப்பாய்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பண்ணை கேட்டுக்கு முன்னால் நின்றாள். பால்பண்ணைக்காரர் உள்ளே காளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காளை ரெடியா?"

"அதுக்கு இதெல்லாம் பழக்கமில்லைம்மா. மிரளும்."

"முதல் நாள் எங்க மேஸ்திரி நடுத்தெருவுல உட்கார்ந்துடுச்சு. வாருக்கு அடியில கம்பளி வச்சதும் சரியாயிடுச்சு. இதுலயும் வச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க."

"வேண்டாம்மா."

"அப்போ அளக்க வேண்டாம்கறீங்க."

அவர் காளையின் வாலை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், யாரோ தூக்கிப் பார்த்துவிடப் போகிறார்கள் என்கிற மாதிரி.

"அவசரமில்லைண்ணே. நாளைக்கும் இந்த வழியாத்தான் வருவேன்" என்றாள் அத்தை. நோட்டீஸ் அதற்குள் கேட்டில் ஒட்டியிருந்த பண்ணை விளம்பரத்தில் பாதியைக் கிழித்து மென்றுகொண்டிருந்தது. அதன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அவள் புல்வெளிப் பக்கம் நடந்தாள்.